ஆறாவது குரல்

அறுபது வயதுக்கு மேல் ஒருவனுக்கு வரக்கூடிய சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, பேரப் பிள்ளைகளுக்கு ஓயாமல் நீதி போதிக்கும் அவா ஆகிய மூன்று வியாதிகளைப் பற்றியும் வைத்தியர்களும் பந்துக்களும் முன்கூட்டியே எச்சரித்து வைத்திருந்தபடியால், அவற்றை வரவேற்க நான் ஒருவாறு ஆயத்தமாகவே இருந்தேன். ஆனால் நாற்பது வருஷத்துக்கு முந்திய ஜப்பானிய சிந்தசைசர் ஒன்றின் மீது மோகம் கொண்டு, அதற்காக சேவிங்ஸ் கணக்கைக் காலி செய்யும் வியாதி ஒன்று உண்டென்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. நான் வசிப்பது கள்ளக்குறிச்சியில், கச்சேரி சாலையை ஒட்டிய ஒரு சந்தில். பெயரைக் கேட்டுச் சங்கீதம் கமழும் வீதி என்று வெளியூர்க்காரர்கள் மயங்குவதுண்டு. அது தாலுகாக் கச்சேரியால் வந்த பெயர் என்பதையும், அங்கே ஆலாபனை செய்யப்படுவது பட்டா மாறுதல் மனுக்களே என்பதையும் அவர்கள் பிறகுதான் அறிவார்கள்.

வியாதியின் வித்து என் இருபதாவது வயதில் விழுந்தது. சின்னசேலம் பக்கத்தில் ஒரு மாரியம்மன் திருவிழாவுக்கு வந்திருந்த மெல்லிசைக் குழுவில், சிவப்புச் சட்டை அணிந்த ஒல்லியான இளைஞர் ஒருவர், பாட்டு ஆரம்பிப்பதற்கு முன், மைக்காரர் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்த அவகாசத்தில், தம் முன்னிருந்த கறுப்புப் பெட்டியில் நான்கு விரல்களைச் சும்மா பதித்து வைத்தார். எழுந்த நாதத்தை எதற்கு உவமிப்பேன்? எங்கள் பக்கத்து ஆலைக் கொட்டகையில் கரும்புச்சாறு கொதித்துக் கொதித்து, அச்சில் ஊற்றும் பதத்துக்கு வரும்போது பாகு ஒரு தினுசாகப் புரளுமே, அந்தப் புரளல். பழுப்பு நிறமும் உஷ்ணமும் கனமும் உள்ள ஒரு சப்தம். பிறகு அவர்கள் பாடிய முப்பது பாட்டுகளில் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

சிந்தசைசர் என்னும் இந்தக் கருவியின் தத்துவத்தை என் மனைவிக்கு விளக்க முயன்று தோற்ற பின், எங்கள் ஊர் மரச்சிற்பிகளிடம் விளக்கி ஜெயித்தேன். புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களைச் செய்கிறவர்களுக்கு இது ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. சிற்பி வாகைக் கட்டையை எடுத்து, பிள்ளையார் அல்லாத பாகத்தையெல்லாம் உளியால் எடுத்துவிடுகிறாரல்லவா? அதுபோல, உள்ளே இருக்கும் அலையியற்றி ரம்பப் பல் போன்ற ஒரு முரட்டு அலையை, சகல மேல்ஸ்வரங்களும் நிரம்பிய நாதக் கட்டையாகத் தருகிறது. வடிகட்டி என்னும் உளி அதில் வேண்டாததைச் செதுக்கி எறிகிறது. அந்த வடிகட்டியின் குமிழைத் திருகினால், குவித்த வாயால் "ஊ" என்று தொடங்கி மெல்லத் திறந்து "ஆ" என்று முடிப்பது போல ஒலி மலரும். ஆதியில் வந்தவற்றுக்கு ஒரே குரல்தான். 1970-இல் வெளிவந்த மினிமூக் என்னும் கீர்த்தி வாய்ந்த வாத்தியத்தில் பத்து விரலை வைத்தாலும் ஒரு ஸ்வரமே பேசும். பல குரல்களை ஒரே பெட்டிக்குள் குடிவைக்கும் பிரயாசையில் பிறந்த யமஹா சி.எஸ்.80 எட்டுக் குரல்களையும் ஏறக்குறைய நூறு கிலோ எடையையும் ஒருங்கே கொண்டிருந்தது. அதை வாசிப்பதற்குச் சங்கீத ஞானமும், தூக்குவதற்கு நான்கு ஆட்களும் தேவை. 1981-இல் வந்த ரோலண்ட் ஜூபிடர் 8, அதே எட்டுக் குரல்களை, குரலுக்கு இரண்டு வீதம் பதினாறு அலையியற்றிகளோடு, சுமார் 22 கிலோவில் அடக்கிவிட்டது.

அந்த ஜூபிடரில் ஒன்று பாரத தேசத்தில் செய்த காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பம்பாய் சினிமா வாத்தியக்காரரான சரண்ஜித் சிங், அதையும் ரோலண்டின் வேறு இரு கருவிகளையும் வைத்துக்கொண்டு, 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். பைரவி முதல் பைராகி வரை பத்தும் ஹிந்துஸ்தானி ராகங்கள். நம்முடைய மோகனம் பூபாளியாகவும், ஹிந்தோளம் மால்கௌன்ஸாகவும் அதில் இருக்கின்றன. ஜனங்கள் அந்தத் தட்டைச் சீந்தவே இல்லை. ஏறத்தாழ இருபது வருஷம் கழித்து ஒரு ஹாலந்துக்காரர் டில்லியில் அதைக் கண்டெடுத்து, 2010-இல் மறுபடி வெளியிட்ட பிறகு, ஐரோப்பாவில் இரவெல்லாம் ஆடுகிற வாலிபர்கள் அதைக் கேட்டு வாய் பிளந்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய சிங்கும் அங்கே போய் வாசித்துவிட்டு வந்து, 2015-இல் காலமானார். என் தம்பி மகன் செல்போனில் அந்தப் பூபாளியைப் போட்டுக்காட்டிய நிமிஷத்தில், சின்னசேலத்துச் சிவப்புச் சட்டை என் மனத்தில் உயிர் பெற்று எழுந்துவிட்டது.

ஜூபிடர் இன்று விற்கும் விலைக்கு எங்கள் சந்தில் ஒரு மனையே வாங்கலாம். ஆகவே, சேலத்தில் கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுவின் சொந்தக்காரர் வீட்டுப் பரணில், பித்தளை அண்டாவுக்கும் கொலு பொம்மைகளுக்கும் நடுவே நித்திரை செய்துகொண்டிருந்த ஆறு குரல் கருவி ஒன்றை, அவர் கேட்ட தொகைக்கு மறுபேச்சின்றி வாங்கினேன். பேரம் பேசாமல் வாங்கியதில் அவருக்கே வருத்தம். போர்வையில் சுற்றிய பெட்டியோடு கள்ளக்குறிச்சிப் பஸ் ஏறினேன். வாழப்பாடியில் ஏறியவர் அதைத் தையல் மிஷின் என்றார், ஆத்தூரில் ஏறியவர் ஜவ்வரிசி ஆலைக்கு வந்த புதுச் சாமான் என்றார், தலைவாசலில் ஏறிய காய்கறி வியாபாரி, "எத்தனை கிலோ வரைக்கும் நிறுக்கும்?" என்று விசாரித்தார். கண்டக்டர் மட்டும் எந்த ஆராய்ச்சியிலும் இறங்காமல் அதற்கு இரண்டு டிக்கெட் கிழித்தார்.

"என்னங்க, இது தானா பாடுமா?" என்று கேட்டாள் என் மனைவி.

"நாம் வாசித்தால்தான் பாடும்."

"அப்ப செல்போனே தேவலையே" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள். இந்த வாதத்துக்கு நான் இன்றுவரை பதில் கண்டுபிடிக்கவில்லை.

மின்சாரம் கொடுத்ததும் பெட்டி ஒரு முனகல் முனகி ஓய்ந்தது. மந்தைவெளிப் பக்கத்து ரேடியோ மெக்கானிக் வந்து மூடியைத் திறந்து பார்த்து, "ஐயா, உள்ள மயில்துத்தம் பூத்துக் கிடக்கு" என்றார். ஒலி அமைப்புகளை ஞாபகத்தில் வைத்துக்கொள்வதற்காக அக்காலத்துக் கருவிகளில் சிறு பேட்டரி ஒன்றைப் பலகையிலேயே பற்றவைத்துவிடுவார்கள். அது முதுமையில் கசிந்து, தாமிரக் கோடுகளை அரித்துப் பச்சையும் நீலமுமாகப் பூக்கும். கசிவது காரமாகையால் புளிப்பே அதற்கு மாற்று என்று மெக்கானிக் ஓர் எலுமிச்சம்பழம் கேட்டார். அவர் அதை இரண்டாக அறுத்துக் கருவிக்கு மேலே பிடித்த தருணத்தில் எட்டிப் பார்த்த என் மனைவி, இந்த வீட்டில் முதன்முறையாக ஓர் உருப்படியான காரியம் நடப்பதாகக் கருதி, பரம திருப்தியோடு குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து நீட்டினாள். சாற்றைப் பஞ்சில் தொட்டுத் தொட்டுத் துடைத்து, அறுந்த கோடுகளுக்குப் பதில் மயிரிழைக் கம்பிகளைப் பற்றவைத்து, மூன்றாம் நாள் மாலை மெக்கானிக் ஸ்விட்சைப் போட்டார். சின்னசேலத்துப் பாகு என் கூடத்தில் புரண்டது. என் கண்கள் கலங்கியதற்கு எலுமிச்சைச் சாறு காரணமன்று.

ஆனால் ஆறில் ஐந்து குரல்களுக்கே உயிர் வந்திருந்தது. இவ்வகைக் கருவி, நாம் அழுத்தும் ஒவ்வொரு கட்டைக்கும் தன் குரல்களை முறை வைத்து அனுப்புகிறது: முதல் ஸ்வரத்துக்கு முதற்குரல், இரண்டாவதற்கு இரண்டாங்குரல் என்று. ஆறாங்குரல் ஊமையானால் ஒவ்வோர் ஆறாவது ஸ்வரமும் மௌனம். நான் ஓரளவு நம்பி வாசிக்கக்கூடிய ஒரே ராகம் மோகனம். அதன் ஆரோகணத்திலோ, ஷட்ஜமத்தில் தொடங்கி மேல் ஷட்ஜமத்தில் சேருவதற்கு, மிகச் சரியாக ஆறு ஸ்வரங்கள். ஸ, ரி, க, ப, த என்று அலங்காரமாக ஏறி உச்சியை எட்டும் சமயத்தில் கருவி வாயை மூடிக்கொள்ளும். சரி, இறங்கலாம் என்றால், மேல் ஷட்ஜமம் கணீரென்று ஒலித்து, வீட்டுக்கு வந்து சேரவேண்டிய கீழ் ஷட்ஜமம் காணாமல் போகும். கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரர், கடைசிப் படி இல்லாத மாடிக்கு ஏறியவர் போல ஒரு காலைத் தூக்கியபடியே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார்.

கல்வராயன் மலைக்கு அதைக் கொண்டுபோனது யாருடைய யோசனையும் அன்று, என் அகம்பாவந்தான். வெள்ளிமலையில் ஆசிரியராக இருக்கும் சிநேகிதர், பள்ளி விழாவுக்கு வந்து வாசிக்கும்படி உபசாரமாகச் சொன்னதை நான் நிஜமென்று எடுத்துக்கொண்டேன். மார்கழி மாதத்தில் ஒரு நாள், உச்சி வெயிலில் ஊரில் ஐந்து குரல்களுக்கும் சுருதி கூட்டி, காரில் ஏற்றிக் கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையை ஒட்டி மலைப்பாதை ஏறினோம். இவ்வாத்தியங்களில் ஸ்வரத்தை நிர்ணயிப்பது மின்னழுத்தம். ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும். அந்தக் கணக்கைப் பார்க்கும் டிரான்சிஸ்டர்களோ உஷ்ணம் கொஞ்சம் மாறினாலும் கணக்கை மறந்துவிடும் சுபாவம் உடையவை. மேலே போய்ச் சேர்ந்தபோது மூடுபனி. ஜமுக்காளத்தைப் போர்த்தியும் கருவி குளிர்ந்து, ஐந்து குரல்களும் ஐந்து திக்கில் பிரிந்துவிட்டன. யுக்திகள் அனைத்தும் பொய்த்தபின், ஆவது ஆகட்டும் என்று ஒரே கட்டையில் எல்லாக் குரல்களையும் சேர்த்து ஒலிக்கவைக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, ஒற்றை ஷட்ஜமத்தைப் பிடித்தேன்.

முன் வரிசையில், சால்வைக்குள் கைகளை வைத்துக்கொண்டு பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்று சொல்லிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடியினர். அந்தப் பெயருக்கும் கேரளத்துக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. நாதம் தேயும்வரை கேட்டுவிட்டு அவர் தலையசைத்தார்.

"சுருதி கொஞ்சம் விலகிவிட்டது, மன்னிக்கணும்" என்றேன்.

"கூட்டமா நின்னு பாடினா அப்படித்தான் இருக்கும், ஐயா. ஒண்ணுபோலவே பாடினா அது ஒருத்தரு பாடுற மாதிரில்ல ஆயிடும்" என்றார். பிறகு சற்று யோசித்து, "ஒருத்தருக்கு மட்டும் உடம்பு முடியலீங்களா? வாயத் தொறக்கவே மாட்டேங்கிறாரே!" என்று விசாரித்தார்.

மெக்கானிக் மீட்டரை வைத்து மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்ததை அவர் ஒரு ஷட்ஜமத்தில் கண்டுகொண்டார். பழைய அனலாக் கருவியின் ரசம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது அவருடைய முதல் வாக்கியத்தைத்தான் சொல்லி வருகிறேன். இரண்டாவது வாக்கியத்துக்குப் பரிகாரம் இன்னும் கிட்டவில்லை. செத்துப்போனது அந்தக் குரலின் வடிகட்டிச் சில்லு. அதன் ஜாதி அருகிவிட்டது என்கிறார் மெக்கானிக். வாசக நேயர்களில் எவர் வீட்டுப் பரணிலேனும் எண்பதுகளின் மெல்லிசைக் குழுக் கருவி எதுவும் கிடக்குமானால், தயவுசெய்து அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட வேண்டாம். முதலில் எனக்கு ஒரு கார்டு எழுதுங்கள். முழுக் கருவியும் எனக்கு வேண்டியதில்லை, என் மனைவியும் அதை அனுமதிக்கமாட்டாள். எனக்குத் தேவை, பதினாறு கால் உள்ள ஒரே ஒரு கறுப்புப் பூச்சி.