தனிக்குடித்தனம் போன வாலட்டு

ஏலே பேராண்டி, பிட்காயின் கோர்ல கை வைக்கப் போறியாமே. வந்த அன்னிக்கே, "வாலட்டுல இருந்து நோடு ஃபங்ஷனை நேராக் கூப்பிட்டா ஒரு வரில முடியுமே, நடுவுல எதுக்கு இன்டர்ஃபேஸு"ன்னு கேட்டியாம். நீ பெரிய மேதாவிலே.

2009-ல அப்படித்தான் இருந்தாவ. பிளாக்கைச் சரிபாக்குற நோடு, சாவியைப் பத்திரப்படுத்துற வாலட்டு, இருப்பைக் காட்டுற திரை, எல்லாம் ஒரே புரோகிராம். கூட்டுக்குடும்பம். அதுக்கு 'சிஎஸ்_மெயின்'னு ஒரு பொதுப் பூட்டு. வாலட்டு அதைப் பிடிச்சிக்கிட்டு நிக்கையில நோடு பிளாக்கைச் சேக்க முடியாது. நோடு பிடிச்சிருந்தா திரை உறைஞ்சு போயி பேந்தப் பேந்த முழிக்கும்.

பெறவுதான் 'இன்டர்ஃபேஸஸ்'னு ஒரு ஃபோல்டரைப் போட்டுப் பாகம் பிரிச்சாவ. வாலட்டு நோடு கிட்ட எதையும் 'செயின்'ங்கிற வாசல்லதான் கேக்கணும். திரைக்கு 'நோட்', 'வாலட்'னு ரெண்டு வாசல். இதுல ஒரு கூத்து கேளு: பிரிச்ச பெறவும் கொஞ்ச காலம் செயினுக்குள்ளயே 'லாக்'னு ஒரு கிளாஸை வச்சி, பழைய பூட்டை வாலட்டு கையிலயே விட்டு வச்சிருந்தாவ. பாசம் விடல போல! அதையும் அப்புறம் பிடுங்கியாச்சு. இப்ப நோடு சேதி அனுப்பும். கடைசியாப் பாத்த பிளாக்கு எதுன்னு வாலட்டு தானே குறிச்சி வச்சிக்கிடும். நோடு ஒரு பிளாக்கு முன்னால ஓடியிருந்தாலும் வாலட்டு தன் குறிப்பை வச்சித்தான் பதில் சொல்லும். அதுல ஒண்ணும் குடி முழுகிறாது.

வாசல்ல புதுசா வேலை எதையும் கட்டிறாதே. உள்ள இருக்கிறதை எடுத்து நீட்டினாப் போதும். மத்த இடத்துல ஃபங்ஷன் பேரு பெரிய எழுத்துல தொடங்கி நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கும். இங்க 'கெட்ஹைட்' மாதிரி சின்ன எழுத்துல தொடங்கிக் குனிஞ்சுதான் நுழையணும். ஒரே பேருல ரெண்டு ஃபங்ஷனும் ஆகாது. பாயிண்டரையும் தூக்கிக் குடுக்காதே; நாளைக்கு ஆளுக்கொரு புராசஸா ஓடுனா இங்குள்ள மெமரி முகவரி அங்க செல்லுமாலே?

இவ்வளவு சொல்லியும் அந்த ஒரு வரியை நீ போடத்தான் போற, தெரியும். போடு, தாராளமாப் போடு. 'பிட்காயின்-வாலட்'னு தனியா ஒரு டூல் கெடக்கு. அதுல வாலட்டு லைப்ரரி உண்டு, நோடு லைப்ரரி கிடையாது. 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்'னு லிங்கர் பக்கம் பக்கமாத் திட்டும். அதைத் தூக்கிக்கிட்டு எங்கிட்ட ஓடியாராதே. எங்கண்ணாடியை எங்கயோ வச்சிட்டேன்.