மியூட்டை எடும் ஓய்!

வா மக்கா, இரி. மேல கோட்டு, கழுத்துல பட்டை, கீழ கைலி. ஜூம் மீட்டிங்கா? கொரோனா போயும் இந்த வேஷம் போகல பாத்தியா! 2020-ல நம்ம திருவனந்தபுரத்துச் சங்கத்துக்காரனுவ பட்ட பாட்டைச் சொல்லுகேன், கேளு.

ரோட்டரிக்கும் லயன்ஸுக்கும் வருசம் பொறக்கது சித்திரை ஒண்ணு இல்ல, ஜூலை ஒண்ணு. புதுத் தலைவர் பட்டம் கட்டிக்கிட மாசமாக்கும் அது. நோய்க்கு அது தெரியுமா? ஊருக்குள்ள படந்துட்டு. ஜூலை 6 காலம்பற ஆறு மணிக்கு நகரத்துக்கு டிரிப்பிள் லாக்டவுன். பால், மருந்து மாதிரி அவசியம் தவிர ஒண்ணும் அசையல்ல. தலைவரு பவுசு ஒரே வருசந்தான். அது மேடை ஏறாமலே கழிஞ்சா? நோவை விட அந்தப் பயந்தான் பெருசு.

அப்பந்தான் ஜூம் வந்து காப்பாத்திச்சு. மாலையை அவரே எடுத்து அவரே போட்டுக்கிட்டாரு. கைதட்டணும்னா கைப்படத்தை அமுக்கணும். பாதிப் பேரு ஏற்புரையை மியூட்டுலேயே பேசி முடிச்சாவ. “ஓய், மியூட்டை எடும் ஓய்”னு எவனோ ஒரு புண்ணியவான் கத்துனான். எதுக்குக் கத்துனான்? அப்படியே விட்டிருக்கலாம்லா?

இதுல ஒரு வேடிக்கை. ரோட்டரியைத் தொடங்குனது எப்படி தெரியுமா? 1905-ல, சிகாகோவுல, பால் ஹாரிஸ்னு ஒரு வக்கீலும் கூட்டாளி மூணு பேரும் ஒரு ஆபீஸ் அறையில உக்காந்து பேசுனாவ. அவ்வளவுதான். மேடை உண்டா, பொன்னாடை உண்டா? அதெல்லாம் பொறவு வந்து ஒட்டுன சரக்கு. 2020 ஜூன்ல ஹொனலுலுவுல வைக்க இருந்த உலக மாநாட்டையே கணினியில நடத்திட்டாவ. இங்க உள்ள ஆளு மட்டும் மைக்குக்கு அழுதாரு.

ஃப்ரீமேசன்காரனுவளை எல்லாரும் கேலி பண்ணுவா. ரகசியக் கூட்டம், ஏப்ரன், சடங்குன்னு. நான் பண்ண மாட்டேன். இங்கிலாந்துல உள்ள அவங்க பெரிய சபை 1717-ல தொடங்குனதுன்னு சொல்லுகாவ. 2020-ல அது என்ன சொல்லிச்சு? கூட்டத்தை நிறுத்து. ஜூமுல சும்மா நலம் விசாரிச்சுக்கோ. ஆனா அதைச் சபைன்னு சொல்லாதே, சடங்கு செய்யாதே. ஏன்னா, அவங்க கூடும்போது கதவுக்கு வெளிய ஒருத்தன் வாளோட காவல் நிக்கணும். ஜூமுல அவன் எங்க போய் நிப்பான், வைஃபை பெட்டிகிட்டயா? நடக்காததை நடக்காதுன்னு சொல்லிப் பூட்டிட்டுப் போனான் பாரு, அவனுக்குப் புத்தி உண்டு.

இனி நம்ம குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பொம்பளையளப் பாரு. 1998-ல தொடங்குனது. பத்துல இருந்து இருபது பேரு சேந்தா ஒரு அயல்கூட்டம். வாராவாரம் ஒருத்தி வீட்டுல கூடுவா, சிறுவாட்டுப் பணத்தை எண்ணி நோட்டுல எழுதுவா. ஊரு பூட்டுனதும் என்ன செஞ்சா? ஃபோனை எடுத்தா. கேரளம் பூரா 1.9 லட்சம் வாட்ஸ்அப் குழு, 22 லட்சம் பேரு. எந்தத் தலைவியாவது வரவேற்புரை ஆத்துனாளா? மாஸ்க் தச்சா. சமுதாய அடுக்களையில சோறு பொங்குனா. 20 ரூபாய்க்கு ஊணு போட்டா. சர்க்கார் 2,000 கோடி ரூபா கடன் குடுக்கணும்னப்ப அவ வழியாத்தான் குடுத்துது. நம்ம கோட்டுக்காரரு அப்பவும் ‘ஆர் யூ ஏபிள் டு ஹியர் மீ’ன்னுட்டு இருந்தாரு.

ஆற்றுக்கால் பகவதி கோயில் பொங்கலை எடுத்துக்கோ. 2009-ல 25 லட்சம் பேருன்னு கின்னஸ்காரனே எழுதி வச்ச கூட்டம். 2021 பிப்ரவரி 27-ல கோயில்ல பண்டார அடுப்பு மட்டும் எரிஞ்சுது. மத்தவ எல்லாம் அவவ முற்றத்துல மூணு கல்லை வச்சுப் பொங்குனா. பகவதி லிங்க் கேட்டாளா, பாஸ்வேர்டு கேட்டாளா?

நம்ம சங்கத்துக்கே வருவோம். ஜூமுக்கு ஆளு ஏன் கொறஞ்சுதுன்னு ஆராய்ச்சி பண்ணுகானுவ. இதுக்கு ஆராய்ச்சியா வேணும்? ஏழு மணிக் கூட்டத்துக்கு எட்டரைக்கு வந்து, நேரா பந்திக்குப் போற ஆளை எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். ஜூமுல அவருக்கு என்ன வேலை?

இப்பம் ஹால் தொறந்தாச்சு, ஹைப்ரிட்டுங்கே. பாதி ஆளு திரையில, பாதி ஆளு நாற்காலியில. நல்லது, நடத்து. என்னையும் வரணும்னு சொல்லுகே. லிங்கு எனக்கு வேண்டாம், நேராவே வாறேன். ஆமா, போளி உண்டுமா, பாயசத்தோட?