குதிரைக்குக் கால் கேட்டு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: உயர்திரு தலைமைப் பொறியாளர் அவர்கள், எங்கள் தெருவுக்குப் படம் காட்டும் கேபிள் நிறுவனம், மதுரை.

பொருள்: படத் தரம் – டிவியின் ட்யூனருக்கும் தங்கள் ரெக்கார்டர் பெட்டிக்கும் உள்ள வேற்றுமை – விளக்கம் கோருதல் தொடர்பாக.

பார்வை: இரண்டு. ஒன்று ட்யூனர் வழியாக, மற்றது பெட்டி வழியாக.

ஐயா,

படம் தெளிவாக இல்லை என்று போன் செய்தால் தங்கள் வாடிக்கையாளர் சேவையில் ஒரே பதில்தான்: "உங்க டிவி பழசு சார்." கடன் வாங்கிப் புது டிவி வைத்தோம். "டிவி ரொம்பப் புதுசு சார், அதான் குறை எல்லாம் தெரியுது" என்றார் அடுத்து வந்த தம்பி. அவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதால், அவருக்குச் சம்பள உயர்வு தர வேண்டும் என்று இதன் மூலம் பரிந்துரைக்கிறேன்.

தங்களுக்குத் தெரியாமல் ஒரு காரியம் நடந்துவிட்டது. வாங்கிய டிவிக்குள்ளேயே செயற்கைக்கோள் ட்யூனர் இருந்தது. மொட்டைமாடியில் ஒரு சின்னக் குடையை 93.5 பாகை கிழக்கில் உள்ள செயற்கைக்கோள் பக்கம் திருப்பி, டிடி ஃப்ரீ டிஷ்ஷை நேராக டிவிக்குள்ளேயே இறக்கிவிட்டோம். அதே டிவி, அதே திரை, அதே டிடி தமிழ். (2024 ஜனவரியில் பேர் மாற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டில் இன்னும் பொதிகைதான்.) ரிமோட்டில் 'ஸோர்ஸ்' பட்டனை அமுக்கினால் ட்யூனர், மறுபடி அமுக்கினால் தங்கள் பெட்டி. பழசு, புதுசு என்று இனி டிவியின் தலையில் கட்ட வழியில்லை.

சோதனைக்குச் சித்திரைத் திருவிழாவை எடுத்துக்கொண்டோம். தங்கள் தொழிலுக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்று பார்த்து, மாறியதை மட்டும் அனுப்புவதுதான் சுருக்கும் கருவியின் வேலை. செய்தி வாசிப்பவர் அதற்குச் செல்லப்பிள்ளை. உதடு மட்டும்தான் அசையும். கள்ளழகர் தங்கக் குதிரையேறி வைகையில் இறங்கும்போது நிலைமை வேறு. லட்சம் தலைகள் அசைகின்றன. தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிறார்கள். ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு நொடியிலும் புதுசு. அந்தத் தண்ணீரை அனுப்பத் தாராளமாக பிட் வேண்டும். தாங்களோ ஒரே அலைவரிசை இடத்தில் ஒரு டஜனுக்கு மேல் சேனல்களை நெருக்கி உட்கார வைத்திருக்கிறீர்கள். 8 மெகாஹெர்ட்ஸில் 64 க்யூஏஎம் முறையில் நொடிக்குச் சுமார் 38 மெகாபிட்தான் போகும். ஷேர் ஆட்டோவில் அழகரையும் ஏற்றிவிட்டீர்கள்.

விளைவு: ட்யூனரில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது, ஓரங்களில் கொஞ்சம் கலங்கல், அவ்வளவுதான். பெட்டியில் கட்டம் கட்டமாகச் சதுரங்கள் தெறித்தன. தங்கக் குதிரை இடுப்புக்குக் கீழே கரைந்து போயிற்று. தூர்தர்ஷன் ஒருமுறை சுருக்கி அனுப்பியதைத் தாங்கள் விரித்து, இன்னும் இறுக்கிச் சுருக்கி அனுப்புகிறீர்கள். கொடைக்கானல் கோபுரத்திலிருந்து ஆன்டெனாவில் படம் வந்த காலத்தில் கிரெயின்ஸ் அடிக்கும், மழை பெய்யும். ஆனாலும் குதிரைக்கு நாலு கால் இருந்தது, ஐயா.

அடுத்தது பட்டு விஷயம். இது தங்கள் சட்டப் பிரிவுக்கும் தெரிய வேண்டியது. அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்றுதான் மதுரையே பார்க்கும். பச்சை என்றால் அந்த வருஷம் விளைச்சல். சிவப்பு என்றால் ஆகாது. தங்கள் பெட்டியோ பழைய எஸ்டி படத்தை 1080 வரிக்கு இழுத்துவிட்டு, நிறக் கணக்கை மட்டும் பழையபடியே விட்டுவிடுகிறது. டிவி அதை ஹெச்டி கணக்கில் படிக்கிறது. அப்படிப் படித்தால் பச்சை இருண்டு பாசி நிறமாகும், சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாயும். ஆக ட்யூனர் வைத்திருக்கும் வீட்டில் முப்போகம். தங்கள் சந்தாதாரர் வீட்டில் சுமாரான மகசூல். இதை நம்பி யாராவது விதை நெல்லை விற்றுவிட்டால் நஷ்ட ஈடு யார் தருவது?

இழுப்பதைப் பற்றியும் கேட்க வேண்டும். எஸ்டி படத்தில் 720-க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். எங்கள் ஃபுல் ஹெச்டி திரையில் 20,73,600. சரியாக ஐந்து மடங்கு. ஐந்தில் நான்கு புள்ளியை யாராவது ஊகித்துப் போட்டாக வேண்டும். ட்யூனரில் வந்தால் டிவியே போட்டுக்கொள்ளும், அதற்கென்றே நல்ல சிப் வைத்திருக்கிறார்கள். தங்கள் பெட்டி முந்திக்கொண்டு தானே போட்டு, ஒற்றை வரி இரட்டை வரி என்று பிரித்து, டிவியிடம் தள்ளிவிடுகிறது. செட்டிங்கில் 576-ஐ வைத்துப் பார்த்தபோது கொஞ்சம் தேவலை. மறுநாள் பெட்டி தானாகவே 1080-க்குத் திரும்பிவிட்டது. அதற்கு மானம் போயிற்றோ என்னவோ.

இவ்வளவு கலங்கலிலும் ஒன்று மட்டும் கத்தி மாதிரி தெரிகிறது: "தங்கள் சந்தா முடியப் போகிறது, ரீசார்ஜ் செய்யவும்." அது படமாகக் கேபிளில் வருவதல்ல, பெட்டியே திரையில் எழுதுவது. பெட்டிக்குத் தெளிவாகக் காட்டத் தெரியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

குதிரை கரைந்ததைப் பெட்டியிலேயே பதிவு செய்து வைத்துத் தங்கள் ஆட்களுக்குக் காட்டினேன். "ரெக்கார்டிங்ல கொஞ்சம் குவாலிட்டி கொறையும் சார்" என்றார்கள். குறையாது, ஐயா. குறைந்தது வீடியோ கேசட் காலத்தில். தங்கள் பெட்டி வந்த பிட்டை வந்தபடியே பென் டிரைவில் அடுக்கி வைக்கிறது, அவ்வளவே. ரெக்கார்டிங்கில் கால் இல்லை என்றால் நேரலையிலேயே கால் வரவில்லை. அந்தப் பென் டிரைவைக் கழற்றி வேறெங்கும் போட்டுக் காட்டவும் முடியாது, பூட்டு தங்களுடையது. பெட்டியோடு அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். போனால் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு வேறு பெட்டி தருவார்களாம். சாட்சியை எதிர்த்தரப்பிடமே ஒப்படைக்கச் சொல்லும் வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குக்கூடப் புதுசாகத்தான் இருக்கும்.

1995-ஆம் ஆண்டுக் கேபிள் சட்டத்தின் 8-ஆம் பிரிவு தூர்தர்ஷன் சேனல்களைக் கட்டாயம் தரச் சொல்கிறது. நிகழ்ச்சியில் எதையும் நீக்கவோ மாற்றவோ கூடாது என்றும் சொல்கிறது. தாங்கள் நிகழ்ச்சியை நீக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். கால்களைத்தான் நீக்கினீர்கள்.

ஆகவே, வரும் சித்திரைக்குள் அந்த அலைவரிசையிலிருந்து இரண்டு நகை விளம்பரச் சேனல்களையாவது இறக்கிவிட்டு அழகருக்கு இடம் தர வேண்டுகிறேன். தொழில்நுட்பக் காரணங்களால் இயலாதென்றால், அன்று காலை பட்டு என்ன நிறம் என்று ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிவிடுங்கள். ரீசார்ஜ் நினைவூட்டும் அதே நம்பரிலிருந்து வந்தால் போதும். அது ஒருநாளும் தவறியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்