கேன்டீன்காரனுக்கு ஒரு நாற்காலி

வாடா பேராண்டி, உக்காரு. ஷிப்டை நீ முடிச்சிட்டு வந்தியா, ஷிப்டு உன்னை முடிச்சு அனுப்புச்சா? மூஞ்சியைப் பாத்தா ரெண்டாவதுதான் போலத் தெரியுது.

கம்பெனியில கேம்ப் போட்டு பி.பி. பாத்தாங்களாமே. மேல 158, கீழ 100. அந்தச் சீட்டை எட்டா மடிச்சு ஹெல்மெட்டுக்குள்ள சொருவி வச்சிருக்கியாம், உன் பொண்டாட்டி சொல்லி அழுவுறா. நான் அவளைத்தான் அதட்டினேன். "ஏம்மா, புள்ள எவ்ளோ புத்திசாலித்தனமா நடந்துக்கிறான், நீ கெடுக்கிறியே"ன்னேன். நெசமாத்தான்டா. யார்கிட்டயும் சொல்லாத. மாத்திரையைக் கையால தொடாத. எனக்கு 78 வயசு, உனக்கு 32. நான் மாத்திரை போட்டுகினு ஏரிக்கரையில நடக்கிறேன். நீ போடாம லைன்ல நின்னுகினு இரு. இன்னும் பத்து வருஷத்துல ரெண்டு பேரும் ஒரே வயசுக்கு வந்துருவோம், திண்ணையில உக்காந்து ஆடுபுலி ஆடலாம். எனக்கும் ஆட ஆள் இல்லாம போயிடுச்சு.

உன் பயம் தெரியாதா எனக்கு? கான்ட்ராக்டர் காதுல விழுந்தா அடுத்த தரம் 'அன்ஃபிட்'னு எழுதிடுவான். ஒரகடத்துல கொஞ்ச நாள், வல்லம் வடகால்ல கொஞ்ச நாள், சுங்குவார்சத்திரத்துல கொஞ்ச நாள்னு மாறிகினே இருக்க. கார்டு மாறுது, பஸ் மாறுது, சட்டைக் கலர் மாறுது. பி.பி. மட்டும் விசுவாசமா கூடவே வருது. கம்பெனி உன்னைப் பர்மனென்ட் ஆக்கலன்னா இன்னா, நீ அதைப் பர்மனென்ட் ஆக்கிட்ட!

கவர்மெண்டு சும்மா இருக்குதுன்னு சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி பக்கம் சாமனப்பள்ளியில 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆரம்பிச்சாங்க. மகளிர் குழுப் பொண்ணுங்க கையில பி.பி. மெஷினையும் சர்க்கரை மெஷினையும் குடுத்து வீடு வீடா அனுப்பினாங்க. நம்ம தெருவுக்கு வருதே ஒரு பொண்ணு, என் கையில பட்டையைச் சுத்திட்டு, "தாத்தா, வாயை மூடிகினு உக்காருங்க, பேசினா ஏறும்"னு சொல்லும். உன் பாட்டி போனதுக்கப்புறம் என்னை வாயை மூடச் சொன்ன ஒரே ஆளு அதுதான். 2024-ல ஐ.நா. சபையே இந்தத் திட்டத்துக்கு விருது குடுத்துச்சு. இதுல கிண்டல் இல்ல, நல்ல காரியம். ஆனா அது உன்னைத் தேடி வர்றப்பல்லாம் நீ ஒண்ணு கம்பெனி பஸ்ல இருக்க, இல்லன்னா ராத்திரி ஷிப்டு முடிச்சிட்டு போர்வைக்குள்ள இருக்க. மருத்துவம் மக்களைத் தேடுது, மக்கள் ஓவர்டைம் தேடிப் போயிட்டாங்க.

சரி, வீட்டுல சிக்காதவனை வேலையிடத்துலயே புடிப்போம்னு 2024 ஜனவரியில கம்பெனிக்குள்ளயே வந்தாங்க. மாநிலம் பூரா 700-க்கு மேல தொழிற்சாலை, 8 லட்சத்துக்கு மேல தொழிலாளின்னு கணக்கு. அப்படி வந்து சிக்கினதுதான் உன் சீட்டு.

கணக்குன்னதும் ஞாபகம் வருது. 2020-ல கவர்மெண்டே எடுத்த கணக்கெடுப்புல, வயசு வந்தவங்க 100 பேர்ல 34 பேருக்கு ரத்தக் கொதிப்பு, 17, 18 பேருக்குச் சர்க்கரை. கொதிப்புக்காரங்க 100 பேர்ல அதைக் கட்டுல வச்சிருந்தவங்க 7 பேர்தான். அடுத்த தரம் எடுத்தப்ப 7 வந்து 17 ஆச்சு. சந்தோஷம். மிச்சம் 83 பேர்ல ஒருத்தன் என் எதிர்ல உக்காந்து முறுக்கு கடிச்சிகினு இருக்கான்.

இந்த மாதிரி திட்டத்துக்கெல்லாம் பல துறை ஒண்ணா உக்காந்து பேசுமே, ஒருங்கிணைப்புக் கூட்டம், அதை நீ பாத்ததில்ல. சர்க்கரையைக் குறைக்கிறது எப்படின்னு பேசுவாங்க, கிரீம் பிஸ்கட்டு வச்சு ரெண்டு ஸ்பூன் போட்ட டீ குடுப்பாங்க. சுகாதாரத் துறை, "நாங்க சோதிச்சுட்டோம்"னு சொல்லும். தொழிலாளர் துறை, "நாங்க சுற்றறிக்கை விட்டுட்டோம்"னு சொல்லும். இ.எஸ்.ஐ., "சம்பளம் 21,000 தாண்டினவன் எங்க கணக்குல வர மாட்டான்"னு சொல்லும். எச்.ஆர். தம்பி எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு போட்டோவுக்கு நிப்பாரு. யாரும் பொய் சொல்லல. ஆனா அங்க யார் இல்லன்னு பாரு. கேன்டீன் கான்ட்ராக்ட் எடுத்தவன் இல்ல, ஷிப்டு போடுறவன் இல்ல, உன்னைக் கூட்டியாந்து விட்ட லேபர் கான்ட்ராக்டர் இல்ல. உன் உடம்பு நாள் பூரா இருக்கிறது அந்த மூணு பேர் கையிலதான்.

எங்க காலத்துல ஏரி மராமத்துன்னா மேல்மடை, கீழ்மடைன்னு பாக்காம வீட்டுக்கு ஒருத்தன் மண்வெட்டியோட வந்து நிக்கணும். கரையை மட்டும் உசத்தி உசத்திக் கட்டிட்டு வரத்துக் கால்வாயைத் தூர் வாராம விட்டா, ஏரி அழகான கரையோட காஞ்சு கெடக்கும். மாத்திரை கரை மாதிரி. கால்வாய் உங்க கேன்டீன்லயும் ஷிப்டு சார்ட்லயும் தூந்து கெடக்குது.

கால்வாயையே தூர் வாரின ஊரும் உண்டு, பின்லாந்துல வட கரேலியான்னு ஒரு சீமை. நர்சிங் படிக்கிற உன் தங்கச்சிதான் சொன்னா, நானா கண்டுபுடிக்கல. வேலை செய்ற வயசு ஆம்பளைங்க நெஞ்சைப் புடிச்சிகினு பொசுக்குன்னு விழுந்தாங்களாம். சனங்களே கவர்மெண்டுக்கு மனு குடுத்து, 1972-ல வேலை ஆரம்பிச்சிருக்குது. பெக்கா புஸ்கான்னு ஒரு சின்ன வயசு டாக்டர். அவரு ஆஸ்பத்திரியில உக்காந்து எழுதிக் குடுத்துகினு இருக்கல. பால் பண்ணைக்காரன், சாசேஜ்னு கறிக் குழல் செய்ற கம்பெனி, பொம்பளைங்க சங்கம்னு அடுப்பைக் கையில வச்சிருந்தவங்களை எல்லாம் இழுத்தாரு. கொழுப்பையும் உப்பையும் அவங்களை வச்சே குறைச்சாரு. 35 வருஷத்துல அந்த வயசு ஆம்பளைங்க இதய நோயில சாவுறது அஞ்சுல நாலு பங்கு குறைஞ்சு போச்சு.

இங்க? ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன் போதும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. உங்க கேன்டீன் ஊறுகா, அப்பளம், மோர் மிளகா மூணும் சேந்து மத்தியானத்துக்குள்ளயே அந்தக் கணக்கை முடிச்சிடும். டீ மெஷினை அமுக்கினா பாகு வருது. ராத்திரி பன்னெண்டு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கினா கூட்டுரோட்டுல தொறந்திருக்கிறது பரோட்டாக் கடை ஒண்ணுதான். கீரைக்காரக் கிழவி அந்நேரத்துக்கு உக்காந்திருக்க அவளுக்கு இன்னா பைத்தியமா?

1948-ல போட்ட தொழிற்சாலைச் சட்டத்துலயே, 250 பேருக்கு மேல வேலை செஞ்சா கேன்டீன் வைக்கணும், அதை நடத்துறதுல தொழிலாளியும் பேசலாம்னு வழி வச்சாங்க. உங்க ஆளுங்க அந்தக் கேன்டீன் கமிட்டியில போய் இன்னா பேசுறாங்க? "முட்டை சின்னதாச்சு, வெள்ளிக்கிழமை பாயசம் வரல." இதுக்குத்தான் அந்தக் காலத்து சங்கத்துக்காரன் கொடி புடிச்சானா!

நான் சொல்ற மாதிரி பேசச் சொல்லு. உப்பைக் குறைன்னு கேக்காத, கேன்டீனே உன்னை அடிக்கும். ஊறுகாயைத் தட்டுல வைக்காம மூலையில வை, வேணும்கிறவன் எழுந்து போய் எடுத்துக்கட்டும்னு கேளு. எட்டு மணி நேரம் நின்னவன் ஊறுகாய்க்காக எழுந்திருப்பானா? கேன்டீன்காரன்கிட்ட தொழிலாளி நலம்னு ஆரம்பிச்சா கொட்டாவி விடுவான். மாசத்துக்கு இத்தனை டின் எண்ணெய் மிச்சம், இத்தனை மூட்டை சர்க்கரை மிச்சம்னு சொல்லு. நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டு உக்காருவான்.

அதிகாரிங்களைப் பாத்தா நானும் ஒண்ணு சொல்லுவேன். அடுத்த கூட்டத்தை கலெக்டர் ஆபீஸ்ல வைக்காதீங்க, ராத்திரி ஷிப்டு சாப்பாட்டு நேரத்துல கேன்டீன்ல வைங்க ஐயா. தட்டைப் பாத்தா பாதி அறிக்கை தன்னால எழுதிக்கும். சோதனைச் சீட்டு கம்பெனி மேசைக்குப் போவக் கூடாது, தொழிலாளி கையிலயும் அவன் ஊர் சுகாதார நிலையத்துலயும் இருக்கணும், அதைக் காட்டி எவனும் வேலையை விட்டு நிறுத்தக் கூடாதுன்னு எழுதிக் குடுங்க. அப்பறம் எவன் ஹெல்மெட்டுல ஒளிக்கப் போறான்? உன் கூட லைன்ல நிக்கிற ஒடிசாப் பையனுக்கும் அவன் பாஷையில ஒரு சீட்டு அடிங்க. அவன் 'ஓகே ஓகே'ன்னு தலையாட்டுறதைப் பாத்துட்டு புரிஞ்சுச்சுன்னு எழுதிகினு போறாங்க.

அதெல்லாம் நடக்கிற வரைக்கும் நீ மாத்திரையைப் போடுடா. ஆடுபுலிக்கு நான் வேற ஆளு பாத்துக்கிறேன். என்னைக்காவது நெஞ்சைப் புடிச்சா வாயுன்னு சோடா குடிக்காத. 2023-லருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முதல் மாத்திரையைக் குடுத்துதான் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புறாங்க. சூப்பர்வைசர்கிட்ட கேட் பாஸ் கேட்டுகினு நிக்காத. ரொம்பக் கத்தினாருன்னா அவரையும் கூட இழுத்துகினு போ, அந்த 34 பேர்ல அவரும் இருப்பாரு.