ஏழரை ஆண்டு மிளகு

வியட்நாமில் விளைந்த மிளகு கப்பல் ஏறுகிறது. கொழும்பில் இறங்குகிறது. இன்னொரு கப்பலில் ஏறி இந்தியாவுக்கு வருகிறது. இங்கே இறங்கும்போது அது வியட்நாம் மிளகு இல்லை, இலங்கையின் மாத்தளை மிளகு. நடுவில் மழை பெய்யவில்லை, கொடி படரவில்லை, யாரும் ஏணி வைத்துப் பறிக்கவில்லை. ஒரு தாளில் முத்திரை விழுந்தது. அவ்வளவுதான்.

இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. குடகிலும் வயநாட்டிலும் மிளகு விவசாயிகள் பல வருடமாகத் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் கத்துகிறவனுக்கு மிளகுக் கஷாயம் கொடுப்பார்கள். பதில் கொடுக்க மாட்டார்கள்.

கணக்கு மிகவும் எளிது. வெளிநாட்டு மிளகுக்கு இந்தியச் சுங்கவரி 70 விழுக்காடு. ஆசியான் ஒப்பந்தப்படி வியட்நாமிலிருந்து நேரே வந்தால் 50. சாஃப்டா என்கிற தெற்காசிய ஒப்பந்தத்தில் இலங்கை மிளகுக்கு 8. 2000 மார்ச்சில் அமலுக்கு வந்த இந்திய - இலங்கை ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 2,500 டன் வரை பூஜ்யம். காய் ஒன்று, காரம் ஒன்று, வரி நாலு. எந்த வழியில் போனால் லாபம் என்று ஐந்தாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவான். ஒப்பந்தம் எழுதியவர்கள் அதற்கு மேல் படித்தவர்கள்.

விதி இல்லாமல் இல்லை. சலுகை வேண்டுமென்றால் சரக்கு முழுக்க இலங்கையில் விளைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் மதிப்பில் 35 விழுக்காடு அங்கே கூடியிருக்க வேண்டும், நாலு இலக்கச் சுங்க எண்ணும் மாறியிருக்க வேண்டும். காயவைத்தேன், சலித்தேன், சாக்கு மாற்றினேன் என்பதெல்லாம் செல்லாது. மிளகின் எண் 0904. அரைத்துப் பொடியாக்கினாலும் அதே 0904. ஆகவே பாதிப் பொய் சொல்ல இங்கே இடமில்லை. முழுப் பொய்தான் சொல்ல வேண்டும்: இது இங்கேயே காய்த்தது. சொன்னார்கள். முத்திரையும் விழுந்தது.

2017 டிசம்பரில் டெல்லிக்கு விழிப்பு வந்தது. கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் மிளகு இறக்கக் கூடாது என்று ஆணை போட்டார்கள். வியட்நாம் மிளகு அதில் பாதி விலைக்குக் கிடைத்த நேரம் அது. வியாபாரி என்ன செய்வார்? பில்லில் 500 என்று எழுதுவார். வரி கட்ட வேண்டிய சரக்கு என்றால் கூட்டி எழுதக் கை நடுங்கும். வரியே இல்லாத சரக்குக்கு என்ன எழுதினால் என்ன, மைச் செலவுதானே. கூடுதலாகக் காட்டிய பணம் எந்த வழியாக வெளியே போய் எந்த வழியாகத் திரும்பி வரும் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விலையைக் குறைத்து எழுதிச் சுங்கத்தை ஏய்ப்பது பழைய திருட்டு. கூட்டி எழுது என்று அரசாங்கமே சொல்லிக்கொடுப்பது புதிய நிர்வாகம். 2016 வாக்கில் கிலோ 700 ரூபாயைத் தொட்ட நம்மூர் மிளகு, அடுத்த சில வருடங்களில் பாதி விலைக்கு வந்து படுத்தது.

ஊரை மாற்றுவது ஒரு வித்தை. சாதியை மாற்றுவது இன்னொன்று. அதற்குத் தேவை உப்பு.

சுங்க அட்டவணையில் மசாலாச் சாமான்கள் 9ஆம் அத்தியாயம். கலவைச் சுவையூட்டிகள் 21ஆம் அத்தியாயம், எண் 2103. அங்கே வரி மிளகு வரியில் பாதிகூட இல்லை. மசாலாவோடு வேறு சாமான் கலந்தாலும் அதன் ‘அடிப்படைக் குணம்’ மாறாதவரை அது 9. குணம் மாறிவிட்டால் 21. எத்தனை கரண்டி உப்பு விழுந்தால் மிளகு குணம் கெடும்? விதியில் அளவு கிடையாது. எந்த வீட்டுப் பாட்டியும் நாக்கில் ஒரு சிட்டிகை வைத்துச் சொல்லிவிடுவாள். பாட்டியைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அப்புறம் ஆணையம் எதற்கு, தீர்ப்பாயம் எதற்கு, ஹைகோர்ட் எதற்கு, அத்தனை வக்கீல்கள் எதற்கு?

உள்நாட்டு வரிக்கும் இதே நாக்குதான். 2024 டிசம்பர் 21 அன்று ஜெய்சல்மேரில் ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 55ஆவது கூட்டம். உப்பும் மசாலாவும் தூவிய பாப்கார்னை உதிரியாக விற்றால் 5 விழுக்காடு, பாக்கெட்டில் போட்டு லேபிள் ஒட்டினால் 12, சர்க்கரைப் பாகில் புரட்டினால் 18 என்று விளக்கம் கொடுத்தார்கள். நாடே சிரித்தது. அந்தச் சிரிப்புச் சத்தத்தில் அதே கூட்டத்தின் இன்னொரு விளக்கம் யார் காதிலும் விழவில்லை: விவசாயி தன் மிளகைப் பச்சையாக விற்றாலும் காயவைத்து விற்றாலும் ஜி.எஸ்.டி. கிடையாது. ஜி.எஸ்.டி. வந்தது 2017 ஜூலையில். வாசலில் பாய் விரித்து மிளகு காயப்போட்டவன் விவசாயியா, வரி கட்ட வேண்டிய வியாபாரியா என்று தெளிவதற்கு ஏழரை ஆண்டு. சனி பகவானே அவ்வளவுதான் பிடிப்பார். பிடித்துவிட்டு விட்டுவிடுவார்.

மறுபடி துறைமுகத்துக்கு வருவோம். ஊரை மாற்றும் வித்தைக்கு எதிராக நடவடிக்கையே இல்லை என்று சொன்னால் பாவம். 2020 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் உண்டு. வெறும் சான்றிதழ் போதாது. சரக்கு எங்கே, எதிலிருந்து, எப்படி உருவானது என்ற விவரம் இறக்குமதியாளர் கையில் இருக்க வேண்டும். ஐந்து ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நல்ல விதி. ஒரு பொய்த் தாள் இருந்த இடத்தில் இப்போது ஒரு பொய்க் கட்டு இருக்கும். அதை முறையாக ஃபைல் போட்டு வைக்க ஆள் வைத்திருப்பவனுக்கு ஒரு சிரமமும் இல்லை. நிஜமான மாத்தளை மிளகை நேர்மையாக வாங்குகிற சின்ன வியாபாரிதான் கஸ்டம்ஸ் ஏஜென்ட் பின்னால் அலைவார். கண்டெய்னர் துறைமுகத்தில் நிற்கும். டெமரேஜ் ஓடும். நேர்மைக்கு நம் நாட்டில் நாள் வாடகை உண்டு.

சரி, மாத்தளை விவசாயிக்காவது லாபமா? அவன் மிளகு காரத்துக்குப் பேர் போனது. அவனுக்கென்று ஒதுக்கிய சலுகையில் வியட்நாம் மூட்டை உட்கார்ந்துகொண்டது. பெயர் கெட்டது அவனுக்கு. இலங்கை அரசும் மறு ஏற்றுமதிக்குத் தடை போட்டுப் பார்த்தது. இரண்டு கரையிலும் கொடி நட்டவன் தோற்றான், தாள் நட்டவன் ஜெயித்தான்.

எனக்கு ஆத்திரம் வருவது இதற்காக மட்டும் இல்லை. கொழும்பில் சில நாள் தங்கிய மிளகுக்கு இலங்கைப் பிறப்பு கிடைத்தது, இந்தியாவில் ராஜ வரவேற்பும் கிடைத்தது. அதே தீவின் மலைகளில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்து பறித்த இந்திய வம்சாவளித் தமிழர்களை 1948 குடியுரிமைச் சட்டம் ஒரே வீச்சில் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து ஐந்தேகால் லட்சம் பேர் உனக்கு, மூன்று லட்சம் பேர் எனக்கு, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தார்கள். மிச்சக் கணக்கை முடிக்க 2003இல்கூட ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்கள் இன்னும் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். முகாமில் பிறந்தவர்களுக்கு முகாமிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் மூன்று நாடுகளின் பெயர் உண்டு, இலங்கை இல்லை. 2021இல் அகதி முகாமை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். லேபிள் ஒட்டத் தெரிந்த அரசுகள் நம்முடையவை. இந்த மனிதர்களில் எவனாவது தன்னை மிளகு என்று சொல்லி விண்ணப்பித்திருந்தால் ஒரு வாரத்தில் வேலை முடிந்திருக்கும்.

போன அறுவடையின்போது நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் ஒரு மிளகுக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். அறுபதைத் தாண்டிய ஒருவர் தோளில் சாக்கோடு வந்தார். கடைக்காரர் சாக்கில் கையை விட்டு, ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். லிட்டர் டப்பாவில் கொட்டி, விளிம்பைக் குச்சியால் தடவிச் சமன் செய்து, தராசில் வைத்தார். 540 கிராம். நல்ல கனம்.

“சரக்கு நல்ல சரக்குதாண்ணே. ஆனா கொழும்பு மிளகு எறங்கியிருக்கு. வெல இதுக்கு மேல போகாது” என்றார்.

பெரியவர் சிரித்தார். “எங்கப்பா கையப் புடிச்சுக்கிட்டு மண்டபம் கேம்ப்புல எறங்குறப்ப எனக்கு ஏழு வயசு சார்” என்று என்னிடம் சொன்னார். “அன்னைக்கி எங்களுக்கு யாரும் வரி தள்ளுபடி தரல.”

அவர் மிளகுக் கொடி ஏறியிருப்பது செக்‌ஷன் 17 நிலத்தில். அந்தப் பிரிவு வரும் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் 1969இல் வந்ததிலிருந்து அந்த நிலம் யாருடையது என்ற வழக்கு நடக்கிறது. பட்டா கிடையாது. பயிர்க் கடன் கேட்டுப் போனால், அந்தக் கொடி அவருடையது என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்களாம். வியட்நாம் கொடிக்குக் கிடைத்த மாதிரி ஒரு தாள்தான்.

கடைக்காரர் சீட்டு எழுதினார். 38 கிலோ. அந்தப் பெயரில் ஊரில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள், குழப்பம் வரக் கூடாது. அதனால் வழக்கம்போலப் பெயருக்கு முன்னால் ‘சிலோன்’ என்று எழுதி, அடியில் கோடு போட்டுக் கொடுத்தார்.