ஊர் வேலையாகக் கம்போடியா

கனகம்மாசத்திரத்தில் பஸ் ஏறுகிறவர்களை ஊர் இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. திருவள்ளூர் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினால் வேலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ. திருத்தணி பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினால் சாமிக்கு. இந்த இரண்டிலும் அடங்காத ஒரு பயணத்துக்கு நாங்கள் குடும்பத்தோடு கிளம்புகிறோம் என்ற செய்தி டீக்கடைக்கு எட்டியபோது, பாய்லருக்குப் பின்னாலிருந்து வந்த முதல் கேள்வி: "கம்போடியாவா? அங்க இன்னா சாமி?"

"பெருமாள்" என்றேன். பொய்யில்லை. அங்கோர் வாட் கோயிலை 12-ம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்குத்தான் கட்டினான். பிற்பாடு அது பௌத்தக் கோயிலாகிவிட்டது என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் பெஞ்சில் இருந்தவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்கள். மொட்டை போடுவாங்களா? பிரசாதம் இன்னா? மலைமேலயா, கீழயா? அந்த நாட்டுக் கொடியிலேயே கோயில் படம்தான் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிப் பார்த்தேன். "நம்ம கவர்மென்ட் முத்திரையிலயும்தான் கோபுரம் இருக்குது" என்று டீயை ஆற்றியபடியே கடைக்காரர் அந்தப் பேச்சை முடித்து வைத்தார்.

எங்கள் ஊரை லேசாக எடை போட்டுவிடக் கூடாது. தான் பயணம் போகாவிட்டாலும் பயணம் போகிறவர்களைப் பார்த்தே வளர்ந்த ஊர் இது. ஆடிக் கிருத்திகை வந்தால் காவடியோடு திருத்தணிக்கு நடப்பவர்கள், மற்ற நாட்களில் திருப்பதிக்கு நடப்பவர்கள் என்று பாதையோரத்திலேயே எங்களுக்குப் பாடம் நடந்துகொண்டிருக்கும். கால் கொப்புளத்துக்கு என்ன போட வேண்டும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எல்லை தாண்டுவதும் புதிதல்ல. ம.பொ.சி. முன்னின்று நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தாலுகா ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. என் தாத்தா கயிற்றுக் கட்டிலை விட்டு எழுந்திருக்காமலேயே மாநிலம் மாறியவர். அவரிடம் யாரும் எந்தத் தாளும் கேட்கவில்லை.

எங்களிடம் கேட்டார்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. இனிஷியலோடு பிறந்து இனிஷியலோடு வாழ்கிற நமக்கு அந்தக் கட்டத்தில் எழுத அப்பாவைத் தவிர வேறு கதியில்லை. மகளின் பின்னால் நான், என் பின்னால் என் அப்பா, மனைவியின் பின்னால் மாமனார் என்று எழுதி முடித்ததில், போகிறவர்களின் எண்ணிக்கை தாளில் இரட்டிப்பாகிவிட்டது. என் அப்பா உயிரோடிருந்தவரை அரக்கோணம் தாண்டியதில்லை. இப்போது விமான டிக்கெட்டில் என்னைவிடத் தடித்த எழுத்தில் அவர் பெயர்தான் இருக்கிறது.

விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் எதிர்வீட்டு அக்காவிடம், "இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று முறைப்படி கேட்டார். "தெரியாம என்ன? எங்க ஏணிய வாங்கினு போயி இன்னும் தரல" என்றார் அக்கா. ஏணி அன்று மாலையே போய்ச் சேர்ந்தது. பாஸ்போர்ட்டும் வந்து சேர்ந்தது.

அடுத்தது காசு. அங்கே ரியெல் என்று சொந்தப் பணம் இருந்தாலும் டாலரும் தாராளமாகப் புழங்குகிறது. ஆனால் ஓரம் கிழிந்த, கசங்கிய டாலரைக் கையால் தொட மாட்டார்கள் என்று போய் வந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். இந்தப் பொறுப்பை என் மாமியார் ஏற்றுக்கொண்டார். மாற்றி வந்த நோட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நீவி, கந்த சஷ்டி கவசம் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவில் வைத்து, அதன்மேல் குத்துவிளக்கைத் தூக்கி வைத்திருக்கிறார். தினமும் சாயங்காலம் விளக்கை நகர்த்தி, புத்தகத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, எண்ணிப் பார்த்து மூடுகிறார். அமெரிக்க ஜனாதிபதிகளுக்கு இவ்வளவு முருக பக்தி வேறெங்கும் வாய்த்திருக்காது.

அங்கோர் சுற்றுவட்டக் கோயில்களுக்கு நுழைவுச் சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62, ஏழு நாளைக்கு 72. சீட்டில் நம் போட்டோவையும் அச்சடித்துத் தருகிறார்கள். "ஸ்பெஷல் தரிசனத்துக்கே இவ்ளோ கேக்க மாட்டாங்களே" என்று மாமியாருக்கு மனம் ஆறவில்லை. தோளும் முழங்காலும் மூடாமல் வந்தால் உள்ளே விட மாட்டார்கள் என்று தெரிந்தபிறகுதான், "அப்ப நல்ல எடம்தான்" என்று 62 டாலருக்கு அனுமதி கொடுத்தார்.

சென்னையிலிருந்து பாங்காக்கிலோ கோலாலம்பூரிலோ இறங்கி மாறித்தான் அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியாம் ரீப் போக வேண்டும். 2023 அக்டோபரில் திறந்த புது விமான நிலையம் ஊரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கம்போஜ மன்னன் ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதாகக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. கம்போஜம் என்றால் கம்போடியாதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அந்தப் பழைய உறவை மனதில் வைத்து, எங்களுக்கும் விமான நிலையத்துக்கு ஏதாவது அனுப்புவீர்களா என்று ஓட்டலுக்கு எழுதிக் கேட்டோம். அனுப்புவார்களாம். வாடகை தனியாம்.

சாப்பாட்டு விஷயத்தில் எல்லையோர ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. தமிழ் வீடுகள் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கொடுக்கும். தெலுங்கு வீடுகள் ஊறுகாய் கொடுக்கும். எதிர்வீட்டு அக்கா எங்கள் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆவக்காய லேதா?" என்று கேட்ட தொனியில் பாஸ்போர்ட்டே இல்லாமல் போகிறோமோ என்று பயம் வந்துவிட்டது. அரை மணி நேரத்தில் ஜாடி வந்தது. பிளாஸ்டிக் கவர், அதற்குமேல் துணி, அதற்குமேல் இன்னொரு கவர், அதற்குமேல் என் ஒரே நல்ல சட்டை. பழைய பேப்பர் கடைக்காரர் கொக்கித் தராசில் பெட்டியைத் தூக்கி நிறுத்தி, "ரெண்டு கிலோ அதிகம்ணா" என்றார். சட்டையை எடுத்துவிடலாம் என்று வீட்டில் ஒருமனதாக முடிவானது.

அங்கோரில் மேற்கு பாராய் என்று ஓர் ஏரி இருக்கிறது. மனிதன் வெட்டியது, 8 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டருக்கு மேல் அகலம். இதை ஒரு பேச்சுக்குச் சொன்னதும், அதுவரை பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். பத்தாண்டாக நெல்லும் கரும்புமாக மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பவர். "கோயில் கெடக்கட்டும். மதகு எப்படி வெச்சிருக்கான்னு பாத்துட்டு வா. கரைய போட்டோ எடு" என்றார். என்ன கோணத்தில் எடுக்க வேண்டும் என்று சிகரெட் அட்டையில் வரைந்தும் கொடுத்தார்.

இதுவரை எல்லாம் சரி. ஒரு ராத்திரி மகள் படித்துச் சொன்ன செய்தியில்தான் நிலவரம் கைமீறிப் போனது. அங்கோரிலிருந்து கொஞ்சம் தள்ளி பந்தே ஸ்ரெய் என்றொரு சின்னக் கோயில், இளஞ்சிவப்பு மணற்கல், 967-ல் குடமுழுக்கு. அதன் வாயில் முகப்பில் சிவன் ஆடுகிறார். பக்கத்தில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் உட்கார்ந்து பார்க்கிறாள். அவள் காரைக்கால் அம்மையார் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அம்மையார் பிறந்தது காரைக்காலாக இருக்கலாம். கயிலைக்குத் தலையால் நடந்து போய், கடைசியில் இறைவன் திருவடிக்கீழ் வந்து இருந்தது எங்கள் பக்கத்துத் திருவாலங்காட்டில். ஐந்து சபைகளில் ஒன்றான இரத்தின சபை அங்கேதான் இருக்கிறது. 1905-ல் கிடைத்த ராஜேந்திர சோழனின் 31 செப்பேடுகளும் அந்த ஊர்ப் பெயரில்தான் இருக்கின்றன. பழையனூரை அந்தக் கோயிலுக்குக் கொடுத்த சாசனம் அது. ராஜேந்திரனின் கப்பல்கள் கடாரத்துக்குப் போனது 1025 வாக்கில். அம்மையாரோ அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே கம்போடியாவுக்குப் போய்க் கல்லில் உட்கார்ந்தாயிற்று. குடும்பப் பெயர் கேட்டதாகத் தகவல் இல்லை. நல்ல ஷூ வாங்கு, நல்ல ஷூ வாங்கு என்று எனக்கு ஓதிக்கொண்டிருந்த மைத்துனர், தலையால் நடந்த கதையை நினைவுபடுத்தியதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

வெள்ளோட்டமாகத் திருவாலங்காடு போனோம். தீபாராதனைக்கு ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதுதான் நம் வழக்கமான தரிசனம். இந்த முறை மகள் கைபேசியில் பந்தே ஸ்ரெய் படத்தை வைத்துக்கொண்டு, இங்கே கால் இப்படி, அங்கே கால் அப்படி என்று ஒப்பிட்டாள். இங்கே ஒரு காலை உச்சிக்குத் தூக்கிய ஊர்த்துவ தாண்டவம். அங்கே முழங்கால் மடக்கிப் பல கைகளை விரித்த ஆட்டம். இரண்டு இடத்திலும் அம்மையாருக்கு ஒரே உடம்பு, ஒரே உற்சாகம். 62 டாலர் கொடுத்த கல்லை மூன்று நாள் வெறித்துப் பார்க்கத் தயாராகிற நாம், காசு கேட்காத கல்லுக்குக் கண்ணைத் திறப்பதில்லை. பயணத்துக்கு நாங்கள் செய்த ஏற்பாடுகளில் உருப்படியானது, பஸ் காசில் முடிந்த இந்த ஒன்றுதான்.

ஆனால் செய்தி பரவிவிட்டது. பழையனூர்ப் பாட்டி ஒருவர் அம்மையாருக்கு மஞ்சள் குங்குமமும் இரண்டு மாம்பழமும் கொண்டுவந்தார். மாம்பழக் கதை தெரிந்தவர்கள் மறுக்க முடியுமா? சிற்பம் வாசலுக்கு மேலே உயரத்தில் இருக்கிறது, தொடக் கூடாது என்று விளக்கினேன். அந்தக் கோயிலில் கை வைத்தவர்களின் கதையையும் சொன்னேன்: 1923-ல் ஆந்த்ரே மால்ரோ என்ற பிரெஞ்சு இளைஞர் அங்கிருந்த பெண் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்துக் கொண்டுபோகையில் பிடிபட்டார், பின்னாளில் அவரே பிரான்சின் கலாசார அமைச்சரானார். "கல்லயா பொட்டியில வெச்சான்? எத்தினி கிலோ?" என்றார் பேப்பர் கடைக்காரர். பாட்டிக்கு மால்ரோவும் பொருட்டில்லை. "பழத்த காட்டிட்டு நீங்களே துன்னுடுங்க. பழையனூர்ல எல்லாரும் சௌக்கியம்னு மட்டும் சொல்லிடு" என்றார்.

ஆக, பெட்டியில் இப்போது இருப்பது: ஆவக்காய் ஜாடி, புளிக்காய்ச்சல், மதகு வரைந்த சிகரெட் அட்டை, மஞ்சள் குங்குமம், கவசத்தில் ஊறிய டாலர்கள். மாம்பழம் கையில். டீக்கடைக்காரருக்கு அங்கே டீ என்ன விலை என்று தெரிய வேண்டும். மைத்துனருக்கு ஒரு ஷூவின் விலை. இத்தனைக்கும் பிறகு பொழுது மிச்சமிருந்தால், அங்கோர் வாட்டையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவதாக இருக்கிறோம்.