கதைக்காரன்

எண்பதுகளில் நம்மூர்த் தெரு ஒவ்வொன்றிலும் ஒரு கதைக்காரன் இருந்தான். வயது பத்துக்கு மேல், மீசை அரும்புவதற்குள். டவுசரில் பொத்தானுக்குப் பதில் ஊக்கு மாட்டியிருப்பான். கணக்கில் பதினேழு மார்க் வாங்குவான். வரலாற்றில் அதுவும் தேறாது. ஆனால் பொழுது சாய்ந்தால், வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவன் உட்பட தெருப் பையன்கள் அத்தனை பேரும் அவன் வீட்டுத் திண்ணையில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவன் பார்த்த உத்தியோகம் ஒன்றே ஒன்றுதான்: படம் பார்த்துவிட்டு வந்து, பார்க்காதவர்களுக்குக் கதை சொல்வது.

இதற்குப் பரம்பரை உண்டு. திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பினார். அந்தப் பேசாத படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டு, இவன் வில்லன், இவள் நாயகி, இப்போது மயக்கம் போடப் போகிறாள் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார். 1931-இல் 'காளிதாஸ்' வந்து படமே பேச ஆரம்பித்ததும் அவருக்கு வேலை போயிற்று. போனவர் எங்கே போனார் என்று சினிமா வரலாறு எழுதியவர்கள் யாரும் தேடவில்லை. எங்கள் தெருவுக்குத்தான் வந்து சேர்ந்தார், டவுசர் போட்டுக்கொண்டு.

கதைக்காரன் ஆவதற்கு ஒரே தகுதி, மதுரையில் ஒரு மாமா இருப்பது. ஏனென்றால் புதுப்படம் எதுவும் எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்கு நேராக வராது. மதுரையில் ஓடி, விருதுநகரில் ஓடி, அதற்கடுத்த ஊர்களில் எல்லாம் ஓடி, மூச்சு வாங்கிக்கொண்டு, உடம்பெல்லாம் கீறலோடு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். காலாண்டு லீவுக்கு மாமா வீட்டுக்குப் போகிறவனோ மூன்று படம் பார்த்துவிட்டு வந்துவிடுவான். தெருவே அவனுக்காகக் காத்திருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவன் நடை மாறியிருக்கும்.

கட்டணம் பணமாக இல்லை, பண்டமாக. கொடுக்காப்புளி, கடலை மிட்டாய், சிலேட்டுக் குச்சி, பம்பரக் கயிறு, எதுவானாலும் சரி. எதுவுமே இல்லாதவன், கதைக்காரன் வாடகை சைக்கிளில் பழகும்போது கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓட வேண்டும். அதுதான் தரை டிக்கெட்.

கதை உடனே ஆரம்பித்துவிடாது. முதலில் தியேட்டர். "தங்கம் தியேட்டர்டா! உள்ள போனா திரை தெரியிறதுக்கே நடக்கணும்." 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்த அந்தத் தியேட்டரின் பிரம்மாண்டம் ஊரறிந்தது, கதைக்காரன் அதன் மேல் இன்னும் இரண்டு மாடி கட்டுவான். அடுத்து முறுக்கின் விலை. அடுத்து, பக்கத்து சீட்டுக்காரர் தும்மியது. பிறகு சென்சார் சர்டிபிகேட். எத்தனை ரீல் என்று சொல்லாமல் விடமாட்டான். "பதினாறு ரீலு!" என்றதும், ஏதோ எங்களுக்கே பங்கு கிடைத்துவிட்டது போலத் திண்ணையில் விசில் பறக்கும். படத்துக்கு முன் ஓட்டிய நியூஸ் ரீலையும் விடமாட்டான். எங்கோ வடக்கே வெள்ளம், மந்திரி ஹெலிகாப்டரில் குனிந்து பார்க்கிறார் என்பதைச் சொல்லும்போது, தானும் திண்ணை விளிம்பில் நின்று குனிந்து பார்ப்பான். "படத்துக்கு வாடா" என்று யாராவது முனகினால் போச்சு, மறுபடி தியேட்டர் வாசலில் இருந்து தொடங்குவான்.

அவனுடைய காலக்கணக்கே தனி. படத்தில் முக்கால் மணி நேரம் வரும் காதல், "அப்புறம் ரெண்டு பேரும் லவ் பண்ணுவாங்க, அதை விடு" என்று ஒரே மூச்சில் முடிந்துவிடும். பாட்டா? கொட்டகை வாசலில் வாங்கிய பாட்டுப் புத்தகத்தைத் தூக்கி எங்கள் பக்கம் வீசுவான். அதன் கடைசியில் கதைச் சுருக்கம் போட்டு, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடித்திருப்பார்கள். அந்த மீதிதான் அவனுடைய மூலதனம்.

சண்டை வந்துவிட்டால் நேரம் நின்றுவிடும். 1980-இல் வந்த 'முரட்டுக்காளை'யில் ஓடும் ரயில் மேல் நடக்கும் சண்டையை அவன் சொன்னபோது, நிஜ ரயில் அதற்குள் மானாமதுரை போய்ச் சேர்ந்திருக்கும். திண்ணைதான் ரயில் பெட்டி. தூண்தான் வில்லனின் ஆள். "டிஷ்யூம்" ஒவ்வொன்றுக்கும் எச்சில் முதல் வரிசைக்குத் தெறிக்கும். அதனால்தான் கொட்டகையைப் போலவே இங்கும் முன்வரிசை மலிவு. வாயாலேயே பின்னணி இசை, வாயாலேயே ரயில் கூவல், வாயாலேயே வில்லன் சிரிப்பு. 'மூன்று முகம்' வந்தபோது ரஜினியின் மூன்று வேடங்களையும் இவனே தாங்கினான். காலரைத் தூக்கினால் போலீஸ் அதிகாரி அப்பா, இறக்கினால் ஒரு மகன், சட்டையைக் கழற்றினால் இன்னொரு மகன். எங்களுக்குக் குழப்பமே வரவில்லை. ஜலதோஷம் அவனுக்கு வந்தது.

எல்லாவற்றுக்கும் உச்சம், 1984-இல் வந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்'. இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்க வேண்டிய படத்தைத் திண்ணையில் எப்படிச் சொல்வது? கதைக்காரன் அசரவில்லை. "கண்ணை மூடுங்கடா. நான் சொல்றப்ப திறங்க" என்றான். திறந்தால், எல்லார் மூக்குக்கும் நேரே அவன் விரல். "ஐஸ்கிரீம் இப்படித்தான் வந்துச்சு!" கடைசிப் பையன் பயந்துபோய் அந்த ஐஸ்கிரீமைக் கடித்துவிட்டான்.

கேட்பவர்கள் நாங்கள் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு பையனின் அம்மா வந்து, "எந்திரிச்சு வாடா" என்பார். "இரும்மா, கிளைமாக்ஸு." "கிளைமாக்ஸாவது கிளிமூக்காவது, வா வீட்டுக்கு" என்று கையைப் பிடித்து இழுத்தவர், நாலடி போய்த் திரும்பி, "ஆமா, அந்தப் பொண்ணைக் கடைசியில யாருக்குடா கட்டிக் குடுத்தாங்க?" என்று கேட்பார். கதவுக்குப் பின்னாலிருந்து கதைக்காரனின் அப்பத்தாவும், "அவ புருஷன் திரும்பி வந்தானா இல்லையா, அதைச் சொல்லாம சண்டையவே சொல்றான் பாரு" என்பார். காதலை ஒரே வரியில் முடித்தவனுக்கு அங்கேதான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ரயில் மேல் நூறு பேரை அடித்துப் போட்டவன், அப்பத்தாவிடம் அகப்பட்டு விழிப்பான்.

சில மாதம் கழித்து அதே படம் டூரிங் கொட்டகைக்கு வரும். மணலைக் குவித்து ஆசனம் போட்டு, பின்னாலிருப்பவன் அதை உதைத்துச் சரிக்க, மறுபடி குவித்து, ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை விட்டு, ஒருவழியாகப் பார்த்து முடித்தால் ஏமாற்றமாக இருக்கும். கதைக்காரன் சொன்ன புலி எங்கே? ஹெலிகாப்டர் எங்கே? திரும்பி அவனைப் பார்ப்போம். அவன் இமைகூட அசையாது. "டூரிங்குக்கு வர்றது கட் பிரிண்ட்டுடா. புலியை வெட்டிட்டானுங்க." கீறல் விழுந்த அந்தப் பிரதியில் நாயகன் வாயைத் திறந்தால் வசனம் அடுத்த காட்சியில் வரும் என்பதால், புலியை வெட்டியிருக்க மாட்டார்கள் என்று எங்களாலும் சாதிக்க முடியவில்லை.

எங்களில் ஒருவனுக்கு ஒரு வருஷம் அப்பா இறந்துபோனார். அப்போது வந்த ஒரு படத்தில் நாயகனின் அப்பா பாதியிலேயே குத்துப்பட்டுச் சாவார். கதைக்காரன் அதைத் திண்ணையில் சொன்னபோது அவர் சாகவில்லை. ஆஸ்பத்திரியில் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, கடைசிச் சண்டையில் வில்லனுக்கு ஓர் அறையும் கொடுத்தார். பிறகு படம் கொட்டகைக்கு வந்தது. அப்பா செத்தார், மாலை போட்டார்கள், படம் அதன் பாட்டுக்கு ஓடியது. எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. கதைக்காரன் மட்டும் மெதுவாக, "ஆஸ்பத்திரி சீனை வெட்டிட்டானுங்கடா" என்றான். அப்பா இல்லாதவன்தான் முதலில் தலையாட்டினான். "ஆமாடா, மதுரையில முழுசா காட்டியிருப்பான்."

அதன் பிறகு அவன் எந்தப் படத்தில் எத்தனை புலி விட்டாலும் நாங்கள் கணக்குக் கேட்கவில்லை.

கதை சொல்லிச் சொல்லி அலுத்த ஒரு கோடை லீவில், படமே காட்டிவிடுவது என்று இறங்கினான். கொட்டகை ஆபரேட்டர் வெட்டி எறிந்த பிலிம் துண்டுகளைப் பொறுக்கி வைத்திருந்தோம். நாயகன் முகம் தெரியும் துண்டுக்குப் பத்துக் கோலிக்குண்டு. வெறும் மரம் மட்டும் தெரிந்தால் சும்மாவே தருவோம், வாங்க ஆள் இருக்காது. பியூஸ் போன குண்டு பல்பின் அடியை உடைத்து, உள்ளிருப்பதை எடுத்துவிட்டு, தண்ணீர் நிரப்பினால் அதுதான் லென்ஸ். வெளியே வெயிலில் ஒருவன் கண்ணாடியைச் சாய்த்துப் பிடிப்பான். வெளிச்சம் ஜன்னல் சந்து வழியாக இருட்டறைக்குள் பாய்ந்து, பிலிமைத் தாண்டி, பல்பைத் தாண்டி, எதிரே கட்டிய வேட்டியில் விழும். பிலிமைத் தலைகீழாகப் பிடித்தால்தான் படம் நேராக விழும் என்பதை ஒரு மத்தியானம் முழுக்க நாயகனைச் சிரசாசனம் செய்ய வைத்த பிறகுதான் கண்டுபிடித்தோம். படம் அசையாது. அதனால் என்ன? அசையாத ஒரு முகத்தை வைத்துக்கொண்டு கதைக்காரன் அரை மணி நேரம் வசனம் பேசினான். நடுவில் வெளியே கண்ணாடி பிடித்தவன், "கை வலிக்குதுடா" என்று மாற்றிப் பிடித்தபோதெல்லாம் சூரியன் போய்விடும். அதையும் விடவில்லை: "இப்ப ராத்திரி சீன்."

அந்தச் சூட்டிலேயே சினிமா கம்பெனி தொடங்கினோம். டைரக்டர் யார் என்று தேர்தலே நடக்கவில்லை. மாமா துபாயிலிருந்து டேப் ரெக்கார்டர் கொண்டுவந்த பையன் மியூசிக் டைரக்டர். கண்ணாடி பிடித்தவன் கேமராமேன். கை வலி என்று சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். வீட்டில் ஆடு வைத்திருந்தவன் தயாரிப்பாளர். 1977-இல் 'ஆட்டுக்கார அலமேலு' ஓடிய ஓட்டத்துக்குப் பிறகு, ஆடு வைத்திருந்தவனிடம் எவனும் முகம் கொடுக்காமல் இருக்க முடியாது. கதைப்படி ஆடுதான் எல்லாம். நாற்பது பக்க நோட்டில் திரைக்கதை எழுதி, பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துப் பூஜை போட்டு, சூடம் காட்டித் திரும்பினால், தன் பாகம் மொத்தத்தையும் நாயகி தின்று முடித்திருந்தது. கோடம்பாக்கத்தில் பூஜையோடு நின்ற படங்கள் எத்தனையோ. எங்கள் படமும் அந்த வரிசையில் கௌரவமாகச் சேர்ந்துகொண்டது.

கதைக்காரனின் ராஜ்யம் கவிழ்ந்தது டிவியால். 1975-இல் சென்னையில் தொடங்கிய தொலைக்காட்சி, கொடைக்கானல் கோபுரத்தின் புண்ணியத்தில் எண்பதுகளின் கடைசியில் எங்கள் சீமைக்கு வந்தது. தெருவில் முதல் டிவி வாங்கிய வீட்டின் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு ஊரே உட்கார்ந்தது. கதைக்காரன் சுவரோரம் கைகட்டி உட்கார்ந்திருந்தான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை. சரியாக நாயகன் துப்பாக்கியைத் தூக்கும்போது, திரையில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று வந்தது. கூடமே உச்சுக் கொட்டியது. பிறகு ஒவ்வொரு தலையாகச் சுவரோரம் திரும்பியது. அவன் எழுந்தான், செருமினான். "அந்தத் துப்பாக்கியில குண்டே இல்லடா..." டிவியில் படம் திரும்பி வந்தபோது நாலு பேர், "அதை அமத்துங்கப்பா, இவன் சொல்லட்டும்" என்றார்கள்.

கதைக்காரன் சினிமாக்காரன் ஆகவில்லை. திறமை வீணாகவும் இல்லை; மனை விற்கிறான். முள்ளுக்காட்டு நடுவில், உச்சி வெயிலில் நின்றுகொண்டு, "இங்கதான் சார் நாலு வழிச் சாலை, அந்தா அது பஸ் ஸ்டாண்டு, இந்தப் பக்கம் காலேஜு" என்று கை நீட்டுவான். வாங்க வந்தவர் கருவேல மரத்தைப் பார்த்துக்கொண்டே பஸ் சத்தம் கேட்டது போலத் தலையாட்டுவார்.

இப்போது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவனுக்கு மட்டும் தனிச் சட்டம்: புதுப்படம் வந்தால் பத்து நாளைக்கு வாயைத் திறக்கக் கூடாது. கதையைச் சொன்னால் குற்றம் என்று உலகம் மாறிவிட்டது. ஒரு காலத்தில் அதற்குக் கொடுக்காப்புளி கொடுத்தோம் என்று பிள்ளைகளிடம் சொன்னால் நம்புவதில்லை. அவனும் சட்டத்தை மதித்து நடக்கிறான். எங்களுக்குத்தான் பொறுப்பதில்லை. வீட்டு சோபாவில் சாய்ந்தபடி, முறுக்கும் இல்லாமல் உதைக்க ஆளும் இல்லாமல் ஒரு படத்தைப் பார்த்து முடித்ததும், ஏதோ குறைகிறதே என்று ஒவ்வொருவனும் தனித்தனியாக, மற்றவனுக்குத் தெரியாமல், அவனுக்குப் போன் போடுகிறோம்.

"டேய், அந்தப் படம் பார்த்துட்டேன்டா. ஒண்ணுமே இல்லையே அதுல."

"எங்க பார்த்த? போன்லயா?"

"டிவியிலதான், ஓடிடியில."

"அதானே பார்த்தேன். அது கட் பிரிண்ட்டுடா. சாயங்காலம் கடைப்பக்கம் வா, முழுசா சொல்றேன். டீ உன் கணக்கு."